ஒரு விரலும் ஒரு நாற்காலியும்: 1999 ஜனவரி 4 இரவின் ‘நைட்ரோ’வும் ‘ரா’வும்

1999 ஜனவரி 4 திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்கு அமெரிக்காவின் டிஎன்டி தொலைக்காட்சியில் டபிள்யூசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தின் ‘மண்டே நைட்ரோ’ நேரலையாகத் தொடங்கியது. ஒன்பது மணிக்கு யுஎஸ்ஏ நெட்வொர்க்கில், அதன் பரம வைரியான டபிள்யூடபிள்யூஎஃப் நிறுவனத்தின் ‘ரா’ ஒளிபரப்பாயிற்று. இரண்டும் முடிந்தபோது இரு நிறுவனங்களிலுமே உலகச் சாம்பியன் பட்டம் கைமாறியிருந்தது. ஒரே இரவில், ஒரே வகை ரசிகரைக் குறிவைத்து நடந்த இந்த இரு பட்டமாற்றங்களுள் ஒன்று தொழில்முறை மல்யுத்தத்தில் மிகவும் கொண்டாடப்படும் தருணங்களின் வரிசையில் இடம்பிடித்துவிட்டது. மற்றொன்று இன்றுவரை ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது. அண்மையில் இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அந்த ஏச்சு நியாயமானதே என்றாலும், அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை.

தாளில் எழுதிப் பார்த்தால் அன்றிரவு ‘நைட்ரோ’தான் வென்றிருக்க வேண்டும். அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் என்ற மாபெரும் அமெரிக்கக் கால்பந்து அரங்கில் 38,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நேரலை என்பதால் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று வெளியில் எவருக்கும் தெரியாது. அறிவிக்கப்பட்டிருந்த இறுதிச் சண்டையோ, கெவின் நாஷிடம் எட்டு நாள்களுக்கு முன்பு பட்டத்தைப் பறிகொடுத்த கோல்ட்பர்க்கின் மறுமோதல். ‘ரா’வின் நிலைமை நேர்மாறாக இருந்தது. அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் டிசம்பர் 29 அன்றே பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி. முடிவு இணையத்தில் கசிந்துவிட்டிருந்தது. பட்டத்துக்குப் போட்டியிட்டவரோ, தோல் முகமூடி அணிந்து, கசங்கிய சட்டையும் தொந்தியுமாக, கையில் ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு எதிராளியின் வாயில் திணிக்கும் மேன்கைண்ட் என்ற மிக் ஃபோலி. ட்ரம்ப் கார்டில் உயரம், எடை, மார்பளவு என்று எண்களை அடுக்கி ஒப்பிட்டே மல்லர்களை அறிந்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்தக் கணக்கில் கோல்ட்பர்க் வேண்டுமா, ஃபோலி வேண்டுமா என்று கேட்டிருந்தால் எந்தப் பையனும் இரண்டாவது சீட்டைத் தொட்டிருக்க மாட்டான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995 செப்டம்பரில் ‘ரா’வுக்கு எதிராக அதே திங்கட்கிழமை இரவில் ‘நைட்ரோ’ தொடங்கப்பட்டது. ஹல்க் ஹோகன் வில்லனாக மாறிய 1996-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து அது ‘ரா’வைத் தொடர்ந்து 83 வாரங்கள் பார்வையாளர் கணக்கில் வீழ்த்தியது. 1998 ஏப்ரலில் அந்தத் தொடர் அறுபட்டது. நேருக்கு நேர் மோதலில் ‘நைட்ரோ’ கடைசியாக வென்றது 1998 அக்டோபர் 26 அன்று. எனவே நாம் பேசும் ஜனவரி இரவுக்கு முன்பே காற்று திசைமாறிவிட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே இரவில் ஒரு நிறுவனம் கவிழ்ந்தது என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறதே தவிர, கணக்குக்கு ஒத்துவரவில்லை.

இனி ‘நைட்ரோ’வைக் கிட்டத்தில் பார்ப்போம். கோல்ட்பர்க் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்காகக் கால்பந்து ஆடியவர். ஜார்ஜியா டோம் அந்த அணியின் சொந்த அரங்கு. 1998 ஜூலை 6 அன்று ஹோகனை வீழ்த்தி அவர் உலகப் பட்டத்தை வென்றதும் இதே இடத்தில்தான். தோல்வியே அறியாத அவருடைய நீண்ட வெற்றித் தொடர் டிசம்பர் 27 அன்று ஸ்காட் ஹால் என்ற மல்லர் மின்னதிர்வுக் கருவியால் தாக்கியதால் முறிந்தது. ஆகவே சொந்த ஊர்ப் பிள்ளை, சூழ்ச்சியால் இழந்ததை மீட்க, தான் முடிசூடிய அதே மண்ணுக்குத் திரும்பி வருகிறான் என்பதே அன்று கூடியவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்த கதை. இதைவிட எளிதாக ஒரு கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொள்ள முடியாது.

என்ன செய்தார்கள்? நிகழ்ச்சியின் நடுவே கோல்ட்பர்க்கைப் போலீஸ் கைது செய்தது. மல்லர்களின் மேலாளராக மேடைக்கு வரும் மிஸ் எலிசபெத், தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை தந்ததாக அவர்மீது புகார் கொடுத்திருக்கிறாராம். காவல் நிலையக் காட்சிகள் விட்டுவிட்டு வந்தன. எலிசபெத் ஒரு முறை ஒன்று சொல்கிறார், மறுமுறை வேறொன்று சொல்கிறார், புகார் கலைந்துபோகிறது, கோல்ட்பர்க் விடுவிக்கப்படுகிறார். அதற்குள் மேடையில் நாஷ், ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிப் போயிருந்த ஹோகனைச் சண்டைக்கு அழைத்துவிடுகிறார். மணி அடிக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் சுற்றி வருகிறார்கள். நாஷ் ஹோகனைப் பிடித்து மூலைக்குத் தள்ளுகிறார். ஹோகன் குத்துவதைப்போல ஒரு பாவனை காட்டிவிட்டு, ஆள்காட்டி விரலால் நாஷின் மார்பை லேசாகத் தொடுகிறார். ஏழடி உயரத்தை நெருங்கும் அந்த மனிதர் துப்பாக்கிக் குண்டு பட்டவரைப்போல மல்லாந்து விழுகிறார். ஹோகன் மேலே படுக்கிறார். நடுவர் மூன்று எண்ணுகிறார். உலகப் பட்டம் கைமாறுகிறது. பிறகு எல்லோரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். கடைசியில் ஓடி வரும் கோல்ட்பர்க்கையும் கூட்டமாகச் சேர்ந்து அடித்து, கயிற்றோடு கைவிலங்கிட்டு, உடம்பில் சாயத்தைப் பீய்ச்சுகிறார்கள். திரை அணைகிறது.

இதைப் பற்றிய வழக்கமான குற்றச்சாட்டு, மல்யுத்தம் நாடகம் என்பதை வெட்டவெளிச்சமாக்கிவிட்டார்கள் என்பது. இதை நான் ஏற்கவில்லை. 1999-இல் அந்த 38,000 பேரில் முடிவுகள் முன்கூட்டியே எழுதப்படுபவை என்பதை அறியாதவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகளாக மட்டுமே இருந்திருப்பார்கள். மேலும், கதை அளவில் பார்த்தால் இந்த விரல் கெட்டிக்காரத்தனமான கற்பனைதான். பகைவர்கள்போல நடித்த இருவர் உள்ளுக்குள் கூட்டாளிகள் என்பதை ஒற்றை அசைவில் சொல்லிவிடுகிறது. என் வருத்தம் வேறு. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவரிடம் ஒரு சண்டையைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துவிட்டு, அந்தச் சண்டையையும் காட்டாமல், அதற்கு மாற்றாக வேறெந்தச் சண்டையையும் காட்டாமல், ‘உன்னை எப்படி ஏமாற்றினோம் பார்’ என்று முகத்துக்கு நேராகச் சிரித்ததுதான் குற்றம். வில்லன்கள் கோல்ட்பர்க்கை ஏமாற்றியிருந்தால் ரசிகனுக்குக் கோபம் வந்திருக்கும். அடுத்த வாரமும் பார்த்திருப்பான். இங்கே ஏமாந்தது தானே என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

‘ரா’வுக்கு வருவோம். அங்கும் ரசிகனுக்கு ஒரு பாக்கி இருந்தது. 1998 நவம்பரில் செயின்ட் லூயிஸில் நடந்த ‘சர்வைவர் சீரீஸ்’ இறுதிச் சண்டையில், மேன்கைண்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதே டபிள்யூடபிள்யூஎஃப் உரிமையாளர் வின்ஸ் மெக்மஹன் மணியை அடிக்கச் செய்து எதிராளியான ராக்குக்குப் பட்டத்தைக் கொடுத்திருந்தார். டிசம்பரில் மேன்கைண்ட் தன் சாக்ஸ் பிடியால் ராக்கை மயங்கி விழவே வைத்தார். ராக் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை என்ற சாக்கில் அப்போதும் பட்டம் மறுக்கப்பட்டது. ஆக, இரண்டு மாதமாக ஏறிக்கொண்டே போன கணக்கு இது. ஜனவரி 4 ஒளிபரப்பில் மேன்கைண்ட், மெக்மஹனின் மகன் ஷேனைப் பிடித்து, தோளை முறித்துவிடுவேன் என்று மிரட்டியே பட்டச் சண்டைக்குச் சம்மதம் வாங்குகிறார்.

சண்டை பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நுட்பத்தைத் தேடுபவர்களுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தகுதி நீக்கம் கிடையாது என்ற விதியால் எல்லா அடிகளும் செல்லும். ராக் மேன்கைண்டை வர்ணனையாளர் மேசைமீதே தூக்கி அடிக்கிறார். மேடையைச் சுற்றி ஒரு பக்கம் மெக்மஹனின் அடியாள் கூட்டம், மறுபக்கம் மேன்கைண்டுக்குத் துணையாக டி-ஜெனரேஷன் எக்ஸ் கூட்டம். மெக்மஹன் கூட்டத்தைச் சேர்ந்த கென் ஷாம்ராக் நாற்காலியால் மேன்கைண்டை அடிக்க, இரு கூட்டங்களும் கைகலக்கின்றன. மறுபடியும் ஏமாற்றப் போகிறார்கள் என்று தோன்றும் அந்த நேரத்தில், கண்ணாடி நொறுங்கும் ஓசை கேட்கிறது. மெக்மஹனின் பகைவரான ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் நுழைவிசை அது. இசையின் மிச்சம் காதில் விழவே இல்லை. வூஸ்டர் அரங்கின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது. ஆஸ்டின் நாற்காலியோடு உள்ளே வருகிறார், ராக்கின் தலையில் ஒரே அடி, பிறகு கீழே கிடக்கும் மேன்கைண்டை இழுத்து ராக்கின் மேல் போடுகிறார். மூன்று எண்ணிக்கை. டி-ஜெனரேஷன் எக்ஸ் ஆட்கள் அந்தப் பருத்த மனிதரைத் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் தம் குழந்தைகளுக்கு அந்த வெற்றியைச் சொல்கிறார்.

நியாயப்படி பார்த்தால் இந்த முடிவும் கள்ளத்தனம்தான். மேன்கைண்ட் தன் பலத்தால் வெல்லவில்லை; அயலார் ஒருவர் நாற்காலியால் அடித்து வெற்றியைக் கையில் கொடுத்தார். விரல் ஒரு மோசடி என்றால் நாற்காலியும் மோசடியே. ஆனால் நாற்காலி விழுந்த இடம், இரண்டு மாதமாக ரசிகன் தானே அடிக்க நினைத்துக்கொண்டிருந்த இடம். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பது தெரியாமல் எவரும் கூத்துப் பார்க்கப் போவதில்லை. தெரிந்துதான் விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு கசிந்த பிறகும் ‘ரா’ ஏன் வென்றது என்பதற்கு இதைவிடக் குழப்பமான விளக்கம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். பதிவு செய்யப்பட்ட நிகழ்ச்சி, நேரலையைவிட நேரலையாக இருந்தது.

அன்றிரவின் மிகப் பிரபலமான வாக்கியம் மேடையில் பேசப்பட்டதல்ல. ‘நைட்ரோ’வைப் பொறுப்பேற்று நடத்திய எரிக் பிஷோஃப், எதிர் நிகழ்ச்சியின் பதிவு முடிவுகளை நேரலையில் போட்டுடைப்பதை முதலிலிருந்தே ஓர் ஆயுதமாக வைத்திருந்தார். அன்றும் அவர் சொல்லச் சொன்னபடி வர்ணனையாளர் டோனி ஸ்கியாவோனி, ஒரு காலத்தில் கேக்டஸ் ஜாக் என்ற பெயரில் இங்கே ஆடிய மிக் ஃபோலி எதிரணியின் பட்டத்தை வெல்லப்போகிறார் என்று அறிவித்தார்; அது அரங்குகளை நிரப்பிவிடும் என்று ஏளனமாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். ஏளனம் செய்யப்பட்டவரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1994 மார்ச்சில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேடர் என்ற மல்லருடன் மோதும்போது கயிறுகளுக்கிடையே தலை சிக்கி, வலது காதின் பெரும்பகுதியை இழந்தவர் ஃபோலி. அந்தச் சண்டையை நடத்தியதும் இதே டபிள்யூசிடபிள்யூதான்.

அறிவிப்பைக் கேட்டதும் சேனலை மாற்றியவர்கள் 6 லட்சம் பேர் என்று பின்னாளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு இரவின் மொத்தப் பார்வையாளர் மதிப்பீட்டை (ரேட்டிங்) பார்த்தால், ‘ரா’ 5.7, ‘நைட்ரோ’ 5.0. தோற்ற நிகழ்ச்சிக்கு 5.0 என்பது இன்றைய எந்த மல்யுத்த நிகழ்ச்சியும் கனவு காணும் அளவு என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்து வந்த வாரங்களில் ‘ரா’ அரங்குகளில், தங்களை அந்த இருக்கையில் கொண்டுவந்து உட்காரவைத்ததே ஃபோலிதான் என்று எழுதிய அட்டைகளை ரசிகர்கள் தூக்கிப் பிடித்தார்கள்.

இரண்டு நிகழ்ச்சிகளின் மற்றப் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அக்காலத்து ‘ரா’வில் இறுதிச் சண்டையைத் தவிர மற்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடக் கைகலப்புகளும், இன்று பார்க்கக் கூசும் நகைச்சுவைகளுமே. மல்யுத்தத்தை மல்யுத்தமாகவே ரசிப்பவருக்கு ரே மிஸ்டீரியோ, எடி கெரேரோ, டீன் மலென்கோ, பில்லி கிட்மேன் போன்ற இலகு எடை வீரர்களை வளர்த்த ‘நைட்ரோ’வே அந்த ஆண்டுகளில் மேலான தேர்வு. அந்த வீரர்களைப் பெரும்பாலும் இறுதிச் சண்டை மேடைக்கு ஏற்றாமல், தம் பாத்திரத்தின் போக்கைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்த ஹோகன் போன்ற மூத்தவர்களையே சுற்றிச் சுற்றி வந்ததுதான் அந்த நிறுவனத்தின் உண்மையான நோய். விரல் அந்த நோயின் ஓர் அறிகுறி என்று கொள்வதே சரி. மரணச் சான்றிதழில் எழுதப்பட்ட காரணமோ வேறு. 2001 மார்ச்சில் டபிள்யூசிடபிள்யூவின் உரிமையாளரான ஏஓஎல் டைம் வார்னர் தன் சேனல்களில் மல்யுத்தத்தையே நிறுத்த முடிவெடுத்தது, மெக்மஹன் பெயரையும் உரிமைகளையும் மலிவாக வாங்கிக்கொண்டார், மார்ச் 26 அன்று ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கடைசி ‘நைட்ரோ’ நடந்தது.

இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவருக்கு ‘ரா’வின் கடைசிக் கால் மணி நேரத்தைச் சொல்வேன். ஃபோலியின் பட்டம் 20 நாள்களே நிலைத்தது. ஜனவரி 24 அன்று ‘ராயல் ரம்பிள்’ நிகழ்ச்சியில் கைகள் பின்னால் விலங்கிடப்பட்ட நிலையில் ராக்கிடம் தலையில் 11 நாற்காலி அடிகள் வாங்கி அதை இழந்தார். ஆஸ்டினின் நாற்காலிக்கு அன்று கைதட்டிய என்னால், இதைப் பார்த்த பிறகு அந்தக் காட்சியை அதே மகிழ்ச்சியோடு மறுபடி பார்க்க முடியவில்லை. நாஷின் மார்பில் பட்ட விரலாவது யாரையும் காயப்படுத்தவில்லை.