ஸ்கேன் செய்த தாளை அனுப்ப மெஷினிலிருந்தே மெயிலா, கம்ப்யூட்டர் வழியா, போனா?

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு வேலை எனக்கு. படகுப் பதிவுச் சான்று, எடைச் சீட்டு, ஐரோப்பா போகும் சரக்கென்றால் முறையாகப் பிடித்ததுதான் என்று காட்டும் கேட்ச் சர்டிபிகேட் என்று தினமும் நாற்பது, ஐம்பது தாளை ஸ்கேன் செய்து தூத்துக்குடி ஏற்றுமதி ஏஜெண்டுக்கு மெயில் போடவேண்டும். மூன்று வழியிலும் அனுப்பிப் பார்த்துவிட்டேன்.

வேகம் என்றால் ஜெராக்ஸ் மெஷினிலிருந்தே நேராக மெயில் போடுவதுதான். தாள்களை மேல்தட்டில் அடுக்கி, முகவரியைத் தொட்டு, பட்டனை அமுக்கினால் போதும். தலைவலி எல்லாம் செட்டிங்கில். 2022 மே கடைசியில் இப்படிப்பட்ட மெஷின்களிடமிருந்து ஜிமெயில் சாதாரண பாஸ்வேர்டை ஏற்பதை நிறுத்தியதும் எங்கள் மெஷின் ஊமையாகிவிட்டது. அப்புறம் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டை மெஷினில் போட்டு, மெயில் வெளியே போகும் வழி எண்ணான போர்ட்டை 587 என்று வைத்த பிறகே வாய் திறந்தது. ஜிமெயிலின் 25 எம்பி வரம்பையும் முழுதாக நம்பவேண்டாம். அனுப்பும்போது ஃபைல் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும், அதனால் 18 எம்பிக்குள் நிற்பது நல்லது. ஸ்கேன் துல்லியம் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) வைத்தால் தாராளம். நீல முத்திரை தெரியவேண்டிய தாளுக்கு மட்டும் கலர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தால், மெயில் சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். முகவரியில் ஓர் எழுத்து தப்பினால், திரும்பி வரும் மெயில் மெஷினுக்குக் கொடுத்த கணக்கில் போய்க் கிடக்கும். அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஒருமுறை இப்படித்தான், கன்டெய்னர் கிளம்பும் நாளில் ஏஜெண்ட், “பேப்பர் எங்கண்ணே?” என்கிறார், நானோ, “நேத்தே போயிருச்சே தம்பி” என்று சாதிக்கிறேன்.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஃபோல்டரில் சேமித்து, திறந்து பார்த்து அனுப்பும் கட்சி நான். நேரம் கூடுதல்தான். ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்குத் தாள் நமுத்துவிடும். ஐஸ் தண்ணீர் பட்ட எடைச் சீட்டைக் கேட்கவே வேண்டாம். இரண்டு தாள் ஒட்டி ஒன்றாக உள்ளே போனால் ஒரு பக்கம் காணாமல் போகும். தாள் ஓடும் ஒடுக்கமான கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் கோடு. இதெல்லாம் அனுப்பும் முன்பே கண்ணில் பட்டுவிடும்.

போன், படகுத்துறையில் நின்றுகொண்டு ஓரிரு தாள் அனுப்ப மட்டும். போனில் ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனர் ஆப் 2020இல் இந்தியாவில் தடையான பிறகு கூகுள் டிரைவில் இருக்கும் ஸ்கேன் வசதியே போதுமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், எண்கள் மங்கும், டாக்குமென்ட்டாக அனுப்பவேண்டும். ஐம்பது தாளை இப்படி எடுத்தால் கழுத்து போய்விடும்.

அவசர நாளில் மெஷின் வழியேதான் போடுகிறேன், என் முகவரியையும் சேர்த்து. போனில் திறந்து பக்கத்தை எண்ணி, ஏஜெண்டிடம் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டீக்குப் போவேன்.