‘வெரிஃபை ஓகே’ சொல்லும் பெட்டியோடு ஏழு வருடம்

திருப்பூரில் போர்டு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். காலர் மெஷின், எம்பிராய்டரி மெஷின், எப்போதாவது கோவைப் பக்கமிருந்து சிஎன்சி லேத் போர்டு என்று வரும். 2018-ல் 40 கால் ஜிஃப் சாக்கெட் (லீவரை மடக்கினால் சிப்பின் கால்களைக் கவ்விக்கொள்ளும் சாக்கெட்) வைத்த ஒரு யூஎஸ்பி புரோகிராமர் வாங்கினேன். சிப்பில் இருக்கும் புரோகிராமைப் படிக்க, அழிக்க, எழுத உதவும் பெட்டி அது. ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. கம்பெனி பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். இதே பெட்டி வேறு வேறு ஸ்டிக்கரோடும் வருகிறது.

என்னிடம் அதிகம் வருவது 29எஃப்040 வகை, மெஷினின் புரோகிராமை வைத்திருக்கும் பிளாஷ் மெமரி சிப். 32 கால், 512 கிலோபைட், 64 கிலோபைட் வீதம் எட்டு செக்டார், அதாவது தனித்தனியாக அழிக்கக்கூடிய எட்டு துண்டு. படிப்பது சுலபம். கரன்ட் கொடுத்தவுடனே இது பழைய ரோம் சிப் மாதிரிதான் நடந்துகொள்ளும். சிஇ (சிப்பை எழுப்பும் கால்), ஓஇ (டேட்டாவை வெளியே விடும் கால்) இரண்டையும் 0 வோல்ட்டுக்கு இழுத்து, ஏ0 முதல் ஏ18 வரை 19 முகவரிக் கால்களில் எண்ணை வைத்தால், எட்டு டேட்டா கால்களில் பைட் வந்து நிற்கும். சிப்பின் முதுகில் எண்ணுக்குப் பின்னால் 70, 90 என்று இருப்பது அதற்கு ஆகும் நானோ செகண்ட். பெட்டி முழுதையும் சில நொடியில் படித்துவிடும். அதனால்தான் படிப்பதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று அசட்டையாக இருந்தேன்.

வாங்கி எட்டு மாதம் இருக்கும். பல்லடம் ரோட்டில் காலர் யூனிட் வைத்திருப்பவர் ஒரு போர்டு கொண்டுவந்தார். மெஷின் நடுநடுவே நின்றுவிடுகிறதாம். பழைய சிப், உள்ளே மின்னூட்டம் கசிந்திருக்கும். படித்து, அழித்து, அதையே திரும்ப ஏற்றினால் புதுசாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பில்லை. படித்தேன், வெரிஃபை (ஃபைலையும் சிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது) ஓகே. அழித்தேன். ஏற்றினேன், மறுபடி வெரிஃபை ஓகே. போர்டில் செருகினால் டிஸ்பிளே வெறும் வெள்ளையாக நிற்கிறது.

“நின்னு நின்னாவது ஓடிட்டிருந்த மெசினுங்க தம்பி. இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே” என்றார். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிப்படை எண்ணில், 40000-லிருந்து, அதாவது சரிபாதிக்கு அப்புறம் இருந்ததெல்லாம் முதல் பாதியின் அச்சு அசல் நகல். ஒன்றாம் கால், அதுதான் ஏ18, சாக்கெட்டில் தொடவே இல்லை. கால் கறுத்திருந்தது, சாக்கெட் வாயில் பஞ்சு. (திருப்பூரில் எதைத் திறந்தாலும் உள்ளே பஞ்சுதான் இருக்கும்.) ஏ18 அந்தரத்தில் தொங்கியதால் சிப் ஒரே பாதியை இரண்டு தடவை காட்டியிருக்கிறது. வெரிஃபையும் அதே தொடாத காலோடுதானே பார்க்கிறது? தப்பைத் தப்போடு ஒப்பிட்டு ஓகே என்றது.

சரி, கால் தொடவில்லை என்றால் அழிப்பதாவது தடுக்கியிருக்க வேண்டாமா? இந்தக் கேள்விக்காகத்தான் ஆர்டுயினோ மெகா என்ற, நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டு ஒன்று பழசாகக் கிடந்ததை எடுத்து, 19 முகவரி, 8 டேட்டா, 3 கன்ட்ரோல் என்று 30 ஒயரை இழுத்துக் கட்டினேன். பெட்டி திரைக்குப் பின்னால் செய்வதை அதில்தான் கண்ணால் பார்த்தேன்.

சிப்புக்குள் எழுத வேண்டுமானால் முதலில் கதவைத் தட்ட வேண்டும். (இனி வரும் முகவரியும் கட்டளையும் ஹெக்ஸ் எண்கள்.) 555 என்ற முகவரிக்கு ஏஏ, 2ஏஏ முகவரிக்கு 55, மறுபடி 555-க்கு ஏ0, நாலாவதாகத்தான் நாம் எழுத வேண்டிய பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் இந்த நாலு சுற்று. அழிக்க ஆறு சுற்று: ஏஏ, 55, 80, மறுபடி ஏஏ, 55, கடைசியில் 10 கொடுத்தால் மொத்தமும் போகும், அந்த 10-க்குப் பதில் செக்டார் முகவரியில் 30 கொடுத்தால் அந்த செக்டார் மட்டும். மெஷினில் கரன்ட் ஆடி புரொசசர் கண்டபடி உளறினாலும் தற்செயலாக இந்த வரிசை அமைந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை பூட்டு. ஆனால் 555-ம் 2ஏஏ-வும் பதினோரு முகவரிக் கால்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஏ18 தொட்டாலும் தொடாவிட்டாலும் பூட்டு திறக்கும். மொத்த அழிப்பு மிக ஒழுங்காக நடந்திருக்கிறது. படித்தது மட்டும்தான் பாதி.

ஏன் அழித்துத்தான் எழுத வேண்டும் என்று கடைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். சென்னிமலையில் என் சித்தப்பா தறியில் ஜக்கார்டு அட்டை பார்த்தவனுக்கு இது லேசு. அட்டையில் ஓட்டை போடலாம், போட்ட ஓட்டையை அடைக்க முடியாது. பிளாஷில் எழுதுவதென்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 0-ஐ 1 ஆக்க அந்த செக்டார் முழுவதையும் அழித்து எல்லா பைட்டையும் எஃப்எஃப் (எட்டு பிட்டும் 1) ஆக்கியாக வேண்டும், அதாவது புது அட்டை. 1984-ல் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா இதை உலகுக்குச் சொன்னபோது, கேமரா பிளாஷ் மாதிரி ஒரே வெட்டில் அழிகிறதே என்று அவருடைய சகா வைத்த பெயர்தான் பிளாஷ். அந்த வெட்டு 29எஃப்040-ல் செக்டாருக்குச் சுமார் 1 செகண்ட், மொத்தத்துக்கு 8 செகண்ட். எழுதுவது பைட்டுக்கு 7 மைக்ரோ செகண்ட். அவசரக்காரன் கெடுவது அந்த எட்டு செகண்டில்தான்.

எழுதும்போது சிப் சும்மா இருப்பதில்லை. நடுவே படித்துப் பார்த்தால் டேட்டாவின் ஏழாம் பிட் நாம் எழுதியதற்கு நேர்மாறாக நிற்கும், முடிந்ததும் சரியாகிவிடும். ஆறாம் பிட் படிக்கப் படிக்க 0, 1 என்று மாறிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் பிட் 1 ஆனால் நேரம் கடந்துவிட்டது, சிப்பால் முடியவில்லை என்று அர்த்தம். இவ்வளவும் சிப் சொல்கிறது. என் பெட்டியின் சாஃப்ட்வேர் ‘எரேஸ் தோல்வி’ என்று இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறது. எந்த செக்டாரில்? நேரம் கடந்ததா, புரொடெக்‌ஷன் போட்டிருக்கிறதா? ஒன்றும் தெரியாது. ஏழு வருடமாக எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான்.

அந்த காலர் மெஷின் தப்பியது ஓனரின் மச்சானால். அவிநாசியில் அதே மாடல் வைத்திருந்தார். லேப்டாப்பும் பெட்டியுமாகப் போய், காலை பென்சில் ரப்பரால் தேய்த்து, கழற்றிக் கழற்றிச் செருகி மூன்று தடவை படித்தேன். மூன்றும் ஒன்றாக இருந்தன, இரண்டு பாதியும் வேறு வேறாக இருந்தன. அப்புறம்தான் டீ இறங்கியது.

ஐடி படிக்கும் வசதி நான் எதிர்பார்த்ததைவிட உபயோகமானது. 90 என்ற கட்டளைக்கு சிப் தன் ஊரும் பெயரும் சொல்லும், முதல் எண் கம்பெனி, அடுத்தது சிப். ஏஎம்டி என்றால் 01, ஏ4. மேக்ரோனிக்ஸ் என்றால் சி2, ஏ4. எஸ்டி என்றால் 20, இ2. ஆன்லைனில் ஏஎம்டி என்று பத்து வாங்கினேன். ஆறு சி2 என்றது. மேலே பெயரைச் சுரண்டி அச்சடித்திருக்கிறார்கள். இரண்டில் யாரோ ஒருவருடைய பழைய புரோகிராமே மிச்சம் இருந்தது. எழுதியதும் ஒழுங்காகவே வேலை செய்கின்றன என்பது வேறு விஷயம்.

29எஃப்040-க்கு மாற்றாகப் போடும் 39எஸ்எஃப்040 என்ற பிளாஷ் சிப் புதிதாகவே கிடைக்கிறது, கால் வரிசையும் அதேதான். நானும் தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு எம்பிராய்டரி மெஷின் செட்டிங்கைச் சேமிக்க மறுக்கும் வரை. இதற்குத் தட்ட வேண்டிய முகவரி 5555, 2ஏஏஏ. ஏஎம்டி சிப் மேல் பிட்களைக் கண்டுகொள்ளாது, அதனால் இந்த முகவரியில் தட்டினாலும் திறக்கும். இதுவோ 555-ல் தட்டினால் திறக்காது. செக்டாரும் 4 கிலோபைட்தான். மெஷின் படிக்க மட்டும் செய்கிற இடத்தில் போடலாம். மெஷினே எழுதுகிற இடத்தில் கூடாது.

பையன் ஒரு நாள் மெனுவில் 29எஃப்040-க்குப் பதில் 27சி040 என்ற பழைய ஈப்ரோம் வகை சிப்பை எடுத்து எழுது என்று கொடுத்துவிட்டான். 27சி-யில் ஒன்றாம் கால் 13 வோல்ட் வாங்கும் கால், பிளாஷில் அதே இடத்தில் ஏ18. சிப் சூடாகிச் செத்தது. நல்லவேளை, புது சிப்.

பெட்டிக்குச் செலவு என்று பார்த்தால் ஒரே ஒரு தடவை ஜிஃப் சாக்கெட் மாற்றினேன், நாலாம் வருடம், லீவர் தளர்ந்து. 40 கால் சால்டர் எடுக்க ஒரு மத்தியானம் போயிற்று. வாரம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் பஞ்சு தட்டுகிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பெட்டியின் ஓரத்தில் மட்டும், சாக்கெட் பக்கம் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காசுக்கு மோசமில்லாத சாமான். எண்ணி நாலு சிப் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு சிப் வந்தது. ஐந்து தடவை படித்ததில் நாலு ஒன்றாக, ஒன்றில் மட்டும் ஒரு பிட் 0-க்குப் பதில் 1. மின்னூட்டம் கசிகிற அறிகுறி. நாலு சொன்னதை வேறொரு சிப்பில் ஏற்றினேன், மெஷின் ஓடுகிறது. பழையதை அழிக்கவில்லை. சில்வர் பேப்பரில் சுற்றி, தேதி எழுதி, ஓனர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.