பதினோரு மாறிகளா, இரண்டே போதுமா? பேக்கேஜ் ஸ்கிரிப்ட்டில் மூன்று வழிகள்

சிம்மக்கல்லில் உள்ள ஒரு அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துருக்களை லினக்ஸ் பேக்கேஜாக, அதாவது கணினியில் நேரடியாக நிறுவக்கூடிய தொகுப்பாக, கட்டிக் கொடுக்கிறேன். தை மாதம், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த நேரத்தில், எழுத்துருக்களின் பதிவிறக்க முகவரி மாறிவிட்டது. பேக்கேஜைக் கட்டும் கட்டளைக் கோப்புகளான ஸ்கிரிப்ட்டுகளில் பழைய முகவரியைத் தேடினேன். ஒரு கோப்பிலும் அகப்படவில்லை. தளத்தின் பெயரை ஒரு மாறியிலும் (ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்), அடைவை (கோப்புறையை) இன்னொன்றிலும், எழுத்துருவின் பெயரை மூன்றாவதிலும் நானே வெட்டி வைத்திருந்தேன். நாற்பது வரி ஸ்கிரிப்ட்டில் பதினோரு மாறிகள்!

லினக்ஸில் பல வகைகள் உண்டு: அச்சகத்தில் ஆர்ச், என் வீட்டில் ஜென்டூ, என்னிடம் கற்கும் மேலூர்த் தம்பியின் மடிக்கணினியில் ஃபெடோரா. மூன்றின் ஸ்கிரிப்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆர்ச்சின் பேக்கேஜ் ஸ்கிரிப்ட்டான பிகேஜிபில்ட், பாஷ் என்னும் கட்டளை மொழியில் எழுதியதுதான். பேக்கேஜின் பெயருக்கும் பதிப்புக்கும் மாறிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டாயம் இல்லாமல் புதிய மாறியை உண்டாக்காதே, உண்டாக்கினால் முன்னால் அடிக்கோடு இடு என்கிறது அதன் வழிகாட்டி. பதிப்பு எண்ணில் இணைப்புக்குறி வரக் கூடாது; மூலத்தில் 1.4-2 என்றிருந்தால் 1.4_2 என்று எழுத வேண்டும். முகவரியில் அதைத் திருப்பி மாற்றத் தனி மாறி வைத்திருந்தேன். பாஷ் அதை அந்த இடத்திலேயே செய்துகொடுக்கும்.

ஜென்டூவில் பதிப்பு எண்ணை அதன் ஸ்கிரிப்ட்டான இபில்ட்டுக்குள் எழுதவே வேண்டாம். கோப்பின் பெயரிலிருந்தே பெயரும் பதிப்பும் வந்துவிடும். புதிய பதிப்பு வந்தால் கோப்பைப் புதிய பெயரில் நகலெடுத்து, பதிவிறக்கிய கோப்பு சரியானதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்கள் உள்ள மேனிஃபெஸ்ட் கோப்பைப் புதுப்பித்தால் பல நேரம் வேலை முடிந்தது. பதிப்பு எண்ணைத் துண்டாக்கவும் குறிகளை மாற்றவும் 2018-இல் வந்த இபில்ட் விதிமுறையான இஏபிஐ 7-லேயே கட்டளைகள் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விதி: முகப்புப் பக்கத்தின் முகவரியில் எந்த மாறியும் வரக் கூடாது, முழுதாக எழுத வேண்டும். கோப்பைத் திறந்தவர் அதை நகலெடுத்து உலாவியில் ஒட்டினால் பக்கம் திறக்க வேண்டும் அல்லவா? என் பழைய ஸ்கிரிப்ட்டில் அது நடக்கவே நடக்காது.

ஃபெடோராவின் ஸ்கிரிப்ட்டான ஸ்பெக் கோப்பில் மாறிகளுக்குப் பதில் மேக்ரோ; எழுதிய சுருக்கப் பெயர் முழு உரையாக விரிவது அது. ஓர் இடத்தில் அது மற்ற இரண்டையும்விடப் பொருத்தமாக இருக்கிறது: நிரல் நூலகங்களின் அடைவு ஒரு செயலிக் கட்டமைப்பில் லிப், இன்னொன்றில் லிப்64. இப்படி உண்மையாகவே மாறுகிற இடத்துக்கு மேக்ரோதான் சரி. ஆனால் கற்பவரை அது படுத்துகிற பாடு அதிகம். மேக்ரோவை டிஃபைன் என்று வரையறுத்தால் பயன்படுத்தும்போதெல்லாம் விரியும், குளோபல் என்றால் எழுதிய இடத்திலேயே விரிந்துவிடும்; ஃபெடோரா குளோபலைத்தான் பரிந்துரைக்கிறது. ஹேஷ் (#) இட்ட வரி, கணினி ஓட்டாத குறிப்புரை; ஆனால் அதற்குள்ளும் மேக்ரோ விரியும்.

“அண்ணே, இந்த வரிக்கு முன்னால் ஹேஷ் போட்டுவிட்டேனே, இன்னும் ஏன் ஓடுகிறது?” என்று ஒரு நாள் திகைத்துப்போய்க் கேட்டான் தம்பி. மென்பொருளைக் கட்டுவதற்குத் தயார்செய்யும் கன்ஃபிகர் மேக்ரோவின் முன்னால்தான் ஹேஷ் போட்டிருந்தான். அது பல வரிகளாக விரிகிறது. ஹேஷ் முதல் வரியை மட்டும்தான் தடுக்கும். “மேக்ரோவின் முன்னால் உள்ள சதவீதக் குறியை இரட்டித்துப் போடு, தம்பி” என்றேன். ஓட்டம் நின்றது.

எல்லாவற்றையும் நேரடியாக எழுதிவிடுவதும் சரியல்ல. பதிப்பு எண்ணை மூன்று இடங்களில் கையால் எழுதி, முகவரியில் மட்டும் மாற்ற மறந்தால், சரிபார்ப்பு எண்ணும் பழையதாகவே இருக்கும்பட்சத்தில், பழைய எழுத்துரு புதிய எண்ணோடு சத்தமில்லாமல் பேக்கேஜாகிவிடும். பதிப்புக்கு மாறி கட்டாயம் வேண்டும்.

அச்சகத்து ஸ்கிரிப்ட்டில் இப்போது ஆர்ச் தருகிற பெயரும் பதிப்பும் தவிர, நான் உண்டாக்கிய மாறி ஒன்றுகூட இல்லை. எழுத்துரு போய்ச் சேரும் அடைவை அப்படியே எழுதிவிட்டேன். முகவரியில் பதிப்பு எண் மட்டும் மாறியில் இருக்கிறது, மீதி முழுதாகத் தெரிகிறது. போன வாரம் புதிய பதிப்பு வந்தபோது தம்பியையே உட்காரவைத்தேன். எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் மாற்றினான். வேறு எந்த வரியையும் தொடவில்லை.