முகவரிகளை வரைபடத்தில் ஏற்றக் காசு கொடுக்குமுன் இதை வாசியுங்கள்

45,000 ரூபாய். அடுப்படியில் நின்று உழைத்த காசு. "திருப்பித் தர ஏலாது அக்கா" என்று இன்று காலை சொல்லிவிட்டார்கள். ஆத்திரம் அடங்குமுன் எழுதுகிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே யாழ்ப்பாணத்தில் தனித்திருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புவது என் தொழில். 212 வீடுகள். புதிதாக வேலைக்கு வரும் பொடியன்கள் வழி தெரியாமல் அலைவதால், முகவரிகளை வரைபடப் புள்ளிகளாக மாற்றித் தரும் ஒரு கணினிச் சேவையை நாடினேன்.

வந்த தம்பி குசினி வாசலில் மடிக்கணினியை விரித்து ஐந்து முகவரிகளைப் போட்டுக் காட்டினார். ஐந்தும் அந்தந்த வீட்டுக் கூரையிலேயே விழுந்தன. புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களில் தசமத்துக்குப் பின்னால் ஆறு இலக்கங்கள். "ஒரு சாண் பிசகாது அக்கா" என்றார். தேநீர் கொடுத்து, முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தேன். ஸ்டான்லி வீதி, ஆஸ்பத்திரி வீதி என்று பெருவீதி முகவரிகளாக அவரே தெரிந்தெடுத்தார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் நாளே கோண்டாவிலில் 19 வீடுகளுக்கு ஒரே புள்ளி. அது ஒரு வாழைத் தோட்டம். அங்கே நின்று பொடியன் அழாக்குறையாகத் தொலைபேசி எடுத்தான். நீரிழிவுக்கு மருந்து எடுக்கும் ஓர் அம்மா மூன்று மணிவரை படலையைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். அந்தப் பார்சல் திரும்பி வந்தபோது சோறு புளித்து, வாழையிலை கறுத்துக் கிடந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தான். "பிள்ளையார் கோவிலடி", "வாசிகசாலை ஒழுங்கை" என்றெல்லாம் நாம் எழுதுவது கணினிக்குப் பிடிபடாவிட்டால், ஊரின் நடுப்புள்ளியைத் தந்துவிடுமாம். 40000 என்ற அஞ்சல் குறியீடு ஒழுங்கையைக் காட்டப் போவதில்லை. தசமத்துக்குப் பின்னால் வந்த அந்த ஆறு இலக்கமும் துல்லியத்துக்குச் சாட்சி அல்ல; தோட்டத்து நடுவுக்கும் ஆறு இலக்கம் உண்டு. இது வீட்டின் மேலா, வீதியில் உத்தேசமா, ஊர் மட்டுமா என்று மென்பொருளே ஒவ்வொரு புள்ளிக்கும் தரம் குறித்துத் தருகிறது. தரம் எழுதிய அந்த நிரலை (column) அழித்துவிட்டுத்தான் என்னிடம் கோப்பைத் தந்தார்கள். பிழையை மன்னிப்பேன், இந்த ஒளிப்பை மன்னிக்க மாட்டேன்.

கேட்டதற்கு முதலில் "உங்கள் முகவரிதான் பிழை" என்றார்கள். பிறகு வரைபடம் புதுப்பிக்கப்படுகிறது என்றார்கள். பிறகு பொறுப்பான அண்ணை கொழும்புக்குப் போய்விட்டாராம். 45,000 ரூபாய்க்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூட இல்லை.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், நேரமில்லை. முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள். பரிசோதனைக்கு உங்கள் ஒழுங்கை முகவரிகளையே கொடுங்கள். துல்லியத் தர நிரலைக் கேட்டு வாங்குங்கள். ஒரே புள்ளி பல வீடுகளுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நாளை முதல் பொடியன் ஒவ்வொரு படலையடியிலும் நின்று கைத்தொலைபேசியில் புள்ளி குறிக்கப் போகிறான். முதல் வீடு அந்த அம்மாவுடையது.