வேஸ்ட்லேண்ட் 2: ஆறு வருடம், மூன்று ஆட்டம்

2019 ஜூனில் இந்த கேமை இன்ஸ்டால் செய்தேன். மடிப்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மெண்ட் போர்வெல் வற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரி நான்கும் கைவிட்டுவிட்ட கோடை அது. தனியார் லாரிக்குச் சொல்லிவைத்தால் நான்கு நாள் கழித்து வரும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ. சம்ப் மூடியைத் திறந்துவிட யாராவது விழித்திருக்க வேண்டும். தரைத்தளத்துக்காரன் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தூங்காமல் இருக்க ஏதாவது வேண்டுமே என்று தள்ளுபடியில் வாங்கியதுதான் வேஸ்ட்லேண்ட் 2, டைரக்டர்ஸ் கட் பதிப்பு. அப்புறம் 2020 ஊரடங்கில் இரண்டாவது முறை, சமீபத்தில் மூன்றாவது முறை. கூட்டிப் பார்த்தால் இருநூறு மணி நேரத்தைத் தாண்டிவிட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்து பல தலைமுறை கழித்து, அரிசோனா பாலைவனத்தில் நடக்கும் கதை. டெசர்ட் ரேஞ்சர்ஸ் என்ற காவல்படையில் நான்கு பேரை நாமே உருவாக்கிக்கொள்கிறோம். வழியில் இன்னும் மூன்று பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். சண்டை முறைவைத்து நடக்கும். ஒவ்வொருவருக்கும் இத்தனை ஆக்‌ஷன் பாயின்ட் என்று கணக்கு, அதற்குள் நகரவும் சுடவும் துப்பாக்கியில் குண்டு நிரப்பவும் வேண்டும். முதல் வேஸ்ட்லேண்ட் 1988இல் வந்தது. அதன் உரிமை கைக்கு வராததால் அதை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனம் வேறு பெயரில் ஆரம்பித்ததுதான் 1997இல் வந்த ஃபால்அவுட். இரண்டாம் பாகத்துக்காக, அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபார்கோ 2012இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்களிடமே கை நீட்டினார். கேட்டது ஒன்பது லட்சம் டாலர், சேர்ந்தது ஏறக்குறைய இருபத்தொன்பது லட்சம். 2014இல் கேம் வந்தது, மெருகேற்றிய டைரக்டர்ஸ் கட் 2015இல். நான் சொல்வதெல்லாம் இந்தப் பிந்தைய பதிப்பைப் பற்றியே.

ஆரம்பித்து இரண்டு மூன்று மணி நேரத்திலேயே இது என்னைப் பிடித்துவிட்டது. ஒரு ரேடியோ கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களிலிருந்து உதவி கேட்டு அழைப்பு வரும். ஒன்று ஹைபூல், சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர் கொடுக்கும் ஊர். இன்னொன்று ஏஜி சென்டர், சாப்பாட்டுக்கான பயிர்களை வளர்க்கும் ஆராய்ச்சிப் பண்ணை. இருப்பது ஒரு குழுதான், எங்கே போவது? நான் மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். லாரி வந்துவிட்டதா என்று பார்க்க எழுந்துவந்த மனைவி திரையை எட்டிப் பார்த்து, “இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தண்ணி இருக்கற ஊருக்குப் போங்க” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

போனேன். கொள்ளைக் கூட்டத்தை விரட்டி ஊரைக் காப்பாற்றினேன். ஆனால் அந்தச் சண்டை முழுக்க ரேடியோவில் ஏஜி சென்டர்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் எங்கே இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு, பிறகு கெஞ்சல், பிறகு அலறல். கடைசியில் ரேடியோ அடங்கிப் போனது. முடித்துவிட்டு அங்கே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். போனால் காப்பாற்ற யாரும் மிச்சமில்லை. மற்ற விளையாட்டுகளில் கிராமம் தீப்பற்றி எரியும், நாயகன் பக்கத்து ஊரில் மீன் பிடித்துவிட்டு நிதானமாக வந்தாலும் அதே தீ அப்படியே காத்துக்கொண்டிருக்கும். இதில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டாம் முறை வேண்டுமென்றே பண்ணைப் பக்கம் போனேன். ராட்சத முயல்கள், மனிதருக்குள்ளேயே வேர்விடும் செடிகள் என்று அது முற்றிலும் வேறு கதை. அங்கே போனதற்கு ஹைபூல்காரர்களின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. ஒரே ஆட்டத்தில் இரண்டையும் காப்பாற்றவே முடியாது. மெனக்கெட்டு உருவாக்கியதில் பாதியை ஆடுபவரிடமிருந்து மறைத்துவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

தேர்வுகளுக்கு விளைவு இருக்கிறது என்று எல்லா கேம் விளம்பரத்திலும் போடுவார்கள். இங்கே அது சின்ன விஷயங்கள் வரை இறங்கியிருக்கிறது. ரயில் நாடோடிகள் முகாம் என்று ஓர் இடம் வரும். தண்டவாளத்தையும் பழைய பெட்டிகளையும் நம்பி வாழும் ஜனங்கள், டொபீகர் என்றும் அட்சிசன் என்றும் இரண்டு பிரிவாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். அட்சிசன், டொபீகா அண்ட் சாண்டா ஃபே என்று அமெரிக்காவில் நிஜமாகவே ஒரு ரயில்வே கம்பெனி இருந்தது. அதன் பெயரை வெட்டி இரண்டு குலம் ஆக்கியிருக்கிறார்கள். நாளைக்கு உலகம் அழிந்தால் பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலைப் பக்கமும் லோகோ ஒர்க்ஸ் பக்கமும் இப்படி இரண்டு குலம் உருவாகும் என்று எனக்குத் தோன்றியது. இந்தச் சண்டையில் ஒரு பக்கம் சாயலாம், இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசலாம். முதல் முறை பேச்சுத் திறன் போதாமல் கெடுத்துவிட்டேன்.

எனக்குப் பிடித்த ஸ்கில் டோஸ்டர் ரிப்பேர். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அப்படி ஒரு தனித் திறனே இருக்கிறது. பாலைவனம் முழுக்க உடைந்த டோஸ்டர்கள் கிடக்கும். சரிசெய்தால் உள்ளேயிருந்து ஏதோ ஒரு பொருள் வரும். அந்தப் பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் வேறு எங்கோ இருப்பார், கொண்டுபோய்க் கொடுத்தால் நல்ல பரிசு. ரிச்சி தெருவில் படிக்கட்டுக்குக் கீழே இரண்டடி இடத்தில் உட்கார்ந்து எதையும் சரிபண்ணிக் கொடுக்கும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அழிந்த உலகத்தில் அவர்களுக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்பதில் தனி சந்தோஷம்.

சண்டைக்கு வருகிறேன். உயரமான இடத்தில் ஸ்னைப்பர், கதவோரம் ஷாட்கன்காரர், நடுவில் மறைவுக்குப் பின்னால் குந்திய ரைஃபிள்காரர் என்று நிற்கவைத்து, எதிரி தாண்டும்போது சுடட்டும் என்று பாயின்டைச் சேமித்துவைத்தால், திட்டம் பலித்த திருப்தி கிடைக்கும். பலிக்காத நாள் இன்னும் சுவாரசியம். கூடச் சேரும் ஆட்கள் எப்போதும் சொன்ன பேச்சுக் கேட்கமாட்டார்கள். ஸ்காட்ச்மோ என்று ஒரு குடிகாரர், ஷாட்கன்தான் ஆயுதம். ஒருமுறை கடைசி எதிரி ஒருவன் மட்டும் மிச்சம், அவனுக்குப் பக்கத்திலேயே என் ஸ்னைப்பர் பெண். ஸ்காட்ச்மோவின் முறை வந்தது. கட்டுப்பாடு என் கையைவிட்டுப் போனது, அவராகவே திரும்பிச் சுட்டார். ஷாட்கன் குண்டு விசிறிபோல விரியும். எதிரியும் விழுந்தான், அவளும் விழுந்தாள். முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்ப நான் லோடு பண்ணவில்லை. கூட்டாளிகளைச் சொன்ன பேச்சுக் கேட்கவைக்கும் லீடர்ஷிப் திறனில் ஒரு புள்ளிகூடப் போடாதவன் நான்தானே.

சரி, குறைகள். என் முதல் புகார் தண்ணீர்.

வரைபடத்தில் நடக்க நடக்கக் குழுவின் தண்ணீர் குறையும். தீர்ந்துவிட்டால் உடம்பு அடிவாங்கும். வழியில் சோலைகளைக் கண்டுபிடித்து நிரப்பிக்கொள்ள வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! முதல் இரண்டு மணி நேரம் நான் நிஜமாகவே பயந்து பயந்துதான் போனேன். அப்புறம்தான் தெரிந்தது, திரும்பின பக்கமெல்லாம் சோலை. மூன்று ஆட்டத்திலும் ஒரே ஒரு முறைகூட என் ஆட்கள் தாகத்தால் சாகவில்லை. எங்கள் தெருவில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்ட வாரத்தில், ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கிய ஜூலையில், அரிசோனா பாலைவனத்தில் நான் தாராளமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹைபூலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அப்படி நெஞ்சைப் பிசைந்த விளையாட்டு, அந்தத் தண்ணீரின் அருமையை நடந்து போகும்போது உணரவைக்கவில்லை. கதையில் பஞ்சம், கணக்கில் செழிப்பு.

காசும் அப்படித்தான். இங்கே பணத்துக்குப் பெயர் ஸ்க்ராப், அதாவது உலகமே ஒரு காயலாங்கடை. ஆரம்பத்தில் குண்டுகளை எண்ணி எண்ணிச் செலவழிப்போம். கதை பாதிக்கு வருவதற்குள் மூட்டை மூட்டையாகக் குண்டு சேர்ந்துவிடும். ஆயுதங்களிலும் சமன்பாடு சரியில்லை. அசால்ட் ரைஃபிள் இரண்டு பேர் கையில் இருந்தால் கடைசிவரை கவலையில்லை. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் பாவம், ஒப்புக்குச் சப்பாணி. எனர்ஜி ஆயுதங்கள் கனமான கவசம் போட்டவர்களிடம்தான் வேலை செய்யும். தெரியாமல் ஆரம்பத்திலேயே அதில் புள்ளி போட்டவர் பாதி ஆட்டம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நானும் நின்றேன்.

பெட்டி திறக்கும் சடங்கு இன்னொரு தலைவலி. பெட்டியில் கண்ணி இருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும், இருந்தால் வெடிமருந்து தெரிந்தவர் எடுக்க வேண்டும், அலாரத்தை இன்னொருவர் அணைக்க வேண்டும், பூட்டைத் திறக்க ஒருவர், அது இரும்புப் பெட்டகமாக இருந்தால் அதற்குத் தனியாக வேறொருவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் கோடு நிதானமாக நகரும். முடிவில் உள்ளே இரண்டு பேண்டேஜ், ஏழு ஸ்க்ராப். ஏதோ அலுவலகத்தில் கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கிய களைப்பு. தோற்றால் பூட்டு நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: சேவ், முயற்சி, லோடு, மறுபடி முயற்சி. ஸ்காட்ச்மோ விஷயத்தில் காட்டிய நேர்மையைப் பெட்டி விஷயத்தில் காட்டவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் பாதியில் குழு லாஸ் ஏஞ்சலஸ் போகும். அங்கே ஹாலிவுட் பகுதி கலகலப்பாக இருக்கிறது, மற்றபடி அரிசோனாவில் இருந்த அடர்த்தி குறைகிறது. ஓடு, பேசு, திரும்ப ஓடு. மூன்றாவது ஆட்டத்தில் அங்கே போனதும் ஒரு மாதம் ஆடாமல் வைத்துவிட்டேன்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது சரிப்படாது. திரையின் ஓரத்தில் வர்ணனைகள் ஓடிக்கொண்டே இருக்கும், சுவரில் கிறுக்கியிருப்பதிலிருந்து பிணத்தின் நாற்றம்வரை. 1988 விளையாட்டில் வட்டில் இடம் போதாமல் கதைப் பத்திகளை எண் போட்டுக் கையேட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள், இத்தனாம் பத்தியைப் படி என்று திரையில் வரும். அந்தப் பரம்பரைக் குணம் இதிலும் தெரிகிறது. எனக்கு அது பிளஸ். ஆனால் என் பதினைந்து அங்குல லேப்டாப்பில் அந்த எழுத்து எறும்பு சைஸ். மூன்றாவது ஆட்டத்துக்குள் எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, டிவியில் மாட்டித்தான் ஆடினேன். மார்க் மோர்கனின் இசைக்காக ஹெட்போன் போடுங்கள். ஃபால்அவுட்டுக்கு இசையமைத்த அதே ஆள். காலியான ஊருக்குள் காற்று நுழைகிற மாதிரி இருக்கும்.

2020இல் வந்த மூன்றாம் பாகம் பார்க்க இன்னும் அழகு, கொலராடோ பனியில் கதை, சண்டையும் விறுவிறுப்பு. புதிதாக வருபவர்கள் அதிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. எனக்கு என்னவோ வெயில்தான் ஒத்துவருகிறது.

இரண்டாம் பாகத்தையே ஆடுவதாக இருந்தால் சில விஷயம். புத்திக்கூர்மையைக் குறைத்துவிடாதீர்கள், நிலை உயரும்போது கிடைக்கும் திறன் புள்ளிகள் அதை வைத்துத்தான். காயத்துக்கு மருந்து போடும் திறன் வேறு, சரிந்து விழுந்தவரை எழுப்பும் சர்ஜன் திறன் வேறு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர் விழும்போது மாட்டிக்கொள்வீர்கள். ஏஞ்சலா டெத் ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்து பிரமாதமாகச் சண்டை போடுவார், ஆனால் பாதியில் கிளம்பிவிடுவார், அவரை நம்பிக் குழுவைக் கட்டாதீர்கள். ஷாட்கன்காரருக்கு முன்னால் யாரையும் நிறுத்தாதீர்கள். தண்ணீரைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம்.