கட்டுப்பல்லா, கொழுவும் செட்டா, திருகு பல்லா? கீழ்த்தாடைக்கு நான் எடுத்த முடிவு

கீழ்ப்பல் முழுவதும் போனவர்களுக்கு இன்று மூன்று வழி இருக்கிறது. முதலாவது, எல்லாருக்கும் தெரிந்த, கழற்றி மாட்டும் சாதாரண கட்டுப்பல். அடுத்தது, தாடை எலும்பில் இரண்டு இம்பிளாண்ட், அதாவது சிறிய உலோகத் திருகுகள், இறக்கி, அவற்றின் மேல் கட்டுப்பல்லைக் கொழுவிக்கொள்வது. கடைசியாக, நாலு முதல் ஆறு இம்பிளாண்ட் வைத்து, நாமாகக் கழற்ற முடியாதபடி பல் வரிசையைத் திருகிவிடுவது. நான் எடுத்தது நடுவில் உள்ளதை. மேலே பழைய கட்டுப்பல்லே இருக்கிறது. கீழே மட்டும் இரண்டு இம்பிளாண்ட். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

விலை ஒழுங்கு எல்லாரும் ஊகிக்கக்கூடியதுதான்: சாதாரண கட்டுப்பல் மலிவு, திருகு பல் மிக அதிகம், கொழுவும் செட் இடையில். பார்வைக்கு மூன்றும் அழகுதான். அதனால் அவற்றை விட்டுவிட்டு மற்றதைப் பேசுவோம்.

மேல்தாடைக் கட்டுப்பல் அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு, எச்சில் ஈரத்தில் உறிஞ்சிப் பிடித்து நிற்கும். பலருக்கு அது ஆயுசுக்கும் போதும். கீழ்த்தாடையின் நிலை வேறு. அங்கே பிடிக்க அண்ணம் இல்லை, நடுவில் நாக்கு ஓயாமல் அசைந்து செட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். பல் போன பிறகு எலும்பும் வருடா வருடம் தேய்ந்துகொண்டு போகும். கட்டுப்பல் போட்டவர்களை 25 வருடக் கால அளவில் பின்தொடர்ந்து 1972 இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடையின் தேய்வு மேல்தாடையைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு என்று காட்டியது. கட்டியபோது இறுக்கமாக இருந்த கீழ்ச் செட் சில வருடத்தில் ஆடத் தொடங்குவதற்கு இந்தத் தேய்வு பெரிய காரணம். கட்டியவரில் பிழை இருக்க வேண்டும் என்றில்லை.

பிட்டும் சொதியும் சாப்பிடும்போது இது தெரியாது. பாணைக்கூடத் தோய்த்துச் சமாளிக்கலாம். ஒரு கச்சான் துண்டு செட்டுக்கு அடியில் போய்விட்டால்தான் தெரியும்: அடுத்த கடியிலேயே முரசில் குத்தி, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கலியாண வீட்டில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே சாப்பிடுவது எனக்குப் பெரும் பாடாக இருந்தது. நாக்கால் செட்டை அமர்த்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். பல்லுக்கு ஒட்டும் பசை கொஞ்ச நேரம் உதவும், பிறகு சூடான தேத்தண்ணியோடு போய்விடும்.

இரண்டு இம்பிளாண்ட் செய்வது இந்த ஆட்டத்தை நிறுத்துவதைத்தான். முன்னால் வேட்டைப்பல் இருந்த இரண்டு இடத்திலும் டைட்டேனியத் திருகுகளை எலும்புக்குள் இறக்குவார்கள். டைட்டேனியத்தோடு எலும்பு ஒன்றிப் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் பிரோனமார்க், முதல் மனிதருக்கு அவர் வைத்தது 1965 இல். கீழ்த்தாடை எலும்பு பிடிக்க வழக்கமாக மூன்று மாதமளவில் விடுவார்கள். அதன் பிறகு முரசுக்கு வெளியே இரண்டு சிறிய உலோகக் குமிழ் மட்டும் தெரியும். செட்டின் உட்பக்கத்தில் அவற்றுக்கு நேரே இரண்டு கிண்ணம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலோன் வளையம். விரலால் அமர்த்தினால் சட்டையின் பிறஸ் பட்டன் மாதிரி டக்கென்று பூட்டிக்கொள்ளும்.

2002 இல் கனடாவின் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவாக இருக்க வேண்டியது இரண்டு இம்பிளாண்டில் நிற்கும் செட்தான் என்று அறிவித்தார்கள். 2009 இல் இங்கிலாந்தின் யோர்க்கிலும் அதை ஒட்டியே ஓர் அறிக்கை வந்தது. எனக்கு நண்டுக் காலைக் கடித்து உடைக்கும் பலம் வரவில்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது. கடியின் பாரத்தில் பெரும்பகுதி இன்னும் முரசின் மேல்தான் விழுகிறது. ஆனால் செட் கிளம்பாது. பேச்சில் இருந்த பயம் போய்விட்டது, கச்சானும் மெல்ல முடிகிறது.

திருகு பல்லின் நல்லதையும் சொல்ல வேண்டும். அது வாயில் இருப்பதே மறந்துபோகும், கடிக்கும் பலத்தில் சொந்தப் பல்லுக்குக் கிட்ட வரும் என்கிறார்கள். நான் வைத்துப் பார்த்ததில்லை, என் மச்சாள் வைத்திருக்கிறார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் என்னைவிட ஒரு படி மேலேதான், அதில் சந்தேகமில்லை. ஐம்பது வயதுக்காரர், கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர், கையில் காசும் உள்ளவர் என்றால் நான் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. வைக்கிற நாளில் எல்லாமே நன்றாக இருக்கும். பத்து வருடம் கழித்து யார் பார்ப்பார், எங்கே பார்ப்பார், எந்தச் சாமானை வைத்துப் பார்ப்பார் என்று யோசிக்க வேண்டும்.

மச்சாள் பல் வைத்தது சென்னையில். ஊருக்கு வந்து கொஞ்சக் காலத்தில் ஒரு திருகு தளர்ந்தது. மெல்லும்போது மெல்லிதாக ஒரு அசைவு, அவ்வளவுதான். இங்கே காட்டினால், "அம்மா, இது எந்தக் கம்பனி இம்பிளாண்ட்?" என்றுதான் முதல் கேள்வி. அவருக்குத் தெரியாது. கம்பனிக்குக் கம்பனி திருகின் தலை வேறு, அதை முறுக்கும் சாவி வேறு. பொருந்தாத சாவியைப் போட்டால் தலை தேய்ந்து, பிறகு எடுக்கவே முடியாமல் போகலாம். ஆகவே தொடமாட்டேன் என்று சொன்ன வைத்தியர் சரியாகத்தான் சொன்னார். சென்னைக்குத் தொலைபேசி எடுத்து, விவரம் வரவழைத்து, கொழும்பில் சாவி தேடும்வரை அவர் ஒரு பக்கத்தாலேயே மென்றார். இங்கிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சின்னத் திருகு ஒன்றுக்காக இரவு ரயில் ஏற வேண்டிய வயதில்லை அவருக்கு.

என் செட்டிலும் தேயும் சாமான் இருக்கிறது: அந்த நைலோன் வளையம். தினமும் கழற்றி மாட்ட அது தளர்ந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறையளவில் மாற்ற வேண்டி வரும், சிலருக்கு அதற்கும் முன்பே. ஆனால் இது கதிரையில் இருந்தபடியே சில நிமிடத்தில் முடியும் வேலை. வளையங்கள் நிறத்துக்கு நிறம் பிடி வேறாக வரும். கையில் பலம் குறைந்தவருக்கு மெல்லிய பிடி உள்ளதைப் போடலாம். நான் உபரியாக வளையங்கள் வாங்கி வைத்திருக்கிறேன், வைத்தியர் ஊரில் இல்லாவிட்டாலும் சாமான் என் அலுமாரியில் இருக்கும். செட்டைக் கடித்துப் பூட்டக்கூடாது. விரலால் இரண்டு பக்கமும் சமமாக அமர்த்த வேண்டும், கழற்றும்போதும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கத்தால் நெம்பினால் வளையம் சீக்கிரம் போய்விடும்.

வளையத்தோடு வேலை முடிந்துவிடாது. முன்னால் எலும்பு இம்பிளாண்டைச் சுற்றி நன்றாக நிற்கும், பின்பக்கத்தில் தேய்வு தொடரும். ஆகவே இடைக்கிடை செட்டின் அடிப்பக்கத்தை முரசுக்கு ஏற்ப நிரப்பித் திருத்த வேண்டும். சாதாரண கட்டுப்பல்லுக்கும் இதே வேலை உண்டு.

இன்னொன்று, முதுமை. எங்கள் மாமி கடைசி இரண்டு மூன்று வருடம் படுக்கையில் இருந்தவர். வாயைத் திறக்கச் சொன்னால் சில நாள் திறப்பார், சில நாள் திறக்கமாட்டார். அவருடைய கட்டுப்பல்லைக் கழற்றி, கழுவி, கோப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டு, முரசை ஈரத்துணியால் துடைத்துவிட்டது நான்தான். திருகு பல்லை அப்படிக் கழற்ற முடியாது. அதன் அடியில் நூலோ சின்னத் தூரிகையோ விட்டுத் துப்பரவு செய்ய வேண்டும். அதைத் தானாகச் செய்யக்கூடிய கை இருக்கும்வரை சரி. பிறகு? இம்பிளாண்டைச் சுற்றி அழுக்குச் சேர்ந்தால் முரசு வீங்கி, உள்ளே எலும்பு கரையத் தொடங்கும். பெரும்பாலும் நோகவே நோகாது, ஆடும்போதுதான் தெரியும். கழற்றும் செட் என்றால் பிள்ளைகளோ பார்க்க வருகிறவர்களோ வெளியே எடுத்துக் கழுவலாம், அந்த இரண்டு குமிழையும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். எண்பது வயதில் என் வாயை இன்னொருவர் துப்பரவாக்க வேண்டி வந்தால், அவருக்குச் சுலபமாக இருக்க வேண்டும். நான் கொழுவும் செட்டின் பக்கம் போனதற்கு இதுதான் மிகப் பெரிய காரணம்.

இம்பிளாண்ட் எல்லாருக்கும் சரிவராது. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது சிக்கல். புகைப்பவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்புக் கூடும். எலும்புத் தேய்வுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்களும், தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர்களும் அதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது. அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வெற்றிலையையும் சொல்ல வேண்டும். பாக்கு மென்று மென்று சிலருக்குக் கன்னத்தின் உட்பக்கம் இறுகி, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காமல் போகிறது. அப்படி என்றால் இம்பிளாண்ட் வைக்கும் கருவியை உள்ளே கொண்டுபோவதே கஷ்டம், கட்டுப்பல்லுக்கு அளவு எடுப்பதும் கஷ்டம். அதைவிடப் பெரிய விஷயம், பாக்கு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதியானது. புகையிலை சேராத வெறும் பாக்கும்தான். பல் பேச்சை எடுப்பதற்கு முன் அந்த வாயை ஒருமுறை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படையோ ஆறாத புண்ணோ இருந்தால் பல் கட்டுவது பிறகு.

மேல்தாடையில் இம்பிளாண்ட் பற்றி என் அனுபவம் ஒன்றுமில்லை. அங்கே எலும்பு மென்மை என்பதால் பொதுவாகக் குறைந்தது நாலு இம்பிளாண்ட் வேண்டும் என்பார்கள், செலவும் அதற்கேற்றபடி ஏறும். என் மேல்ச் செட் இன்னும் இறுக்கமாக இருப்பதால் நான் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

எந்த இடத்தில் செய்தாலும் இம்பிளாண்டின் கம்பனிப் பெயர், அளவு, இலக்கம் எல்லாம் உள்ள அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் வரும் ஸ்டிக்கரையே ஒட்டித் தருவார்கள். அதைப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். கொழும்பிலிருந்து கிழமைக்கொருமுறை வந்து போகும் வைத்தியர் என்றால், அவர் வராத நாட்களில் யார் பார்ப்பார் என்று காசு கட்டுவதற்கு முன் கேளுங்கள். வளையம் மாற்ற எவ்வளவு, அடிப்பக்கம் நிரப்ப எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

இப்போது கையில் காசு இல்லையென்றால், நல்ல சாதாரண கட்டுப்பல் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். அது நன்றாகப் பொருந்தியிருந்தால், பிறகு இம்பிளாண்ட் வைக்கும்போது அதே செட்டின் உட்பக்கத்தைக் குடைந்து கிண்ணங்களைப் பதித்துக்கொள்ளலாம், புதிது கட்டத் தேவையில்லை. எனக்கும் அப்படித்தான் செய்தார்கள்.