குவாலிட்டிரைட்ஸ் பயிற்சித் தொகுப்பு: வகுப்பில் எடுபடுகிறதா?

மனநல மருத்துவர், செவிலியர், உளவியலாளர் என யாருக்குப் பயிற்சி நடத்துவதாக இருந்தாலும், மனநலச் சிகிச்சையில் மனித உரிமைகளைக் காப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட குவாலிட்டிரைட்ஸ் தொகுப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். பாடவாரியாகக் கையேடு, ஸ்லைடுகள், விவாதிக்கச் சிறு நிகழ்வுகள் எல்லாம் இலவசம். 2022-இல் உலக அளவில் தொடங்கிய இணையவழிப் படிப்பும் இருக்கிறது, சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் அது தனியாகப் படிப்பவர்களுக்கு. வகுப்பு நடத்தக் கையேடுதான் சரி.

சிகிச்சை பெற்ற அனுபவம் உள்ளவர்களையே பயிற்றுநர்களாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதுதான் இதன் பெரிய பலம். கட்டிவைப்பது, தனியறையில் அடைப்பது பற்றிய பாடத்தை மருத்துவர் மட்டும் நடத்தினால் "ஆள் பற்றாக்குறை, வேறு வழியில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கட்டப்பட்ட ஒருவரே முன்னால் நின்று, அதற்குப் பத்து நிமிடம் முன்பு யாராவது என்ன கேட்டிருந்தால் தணிந்திருப்பார் என்று சொன்னால், வகுப்பு அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்.

சொதப்பல் நடப்பதும் இங்கேதான். சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்கி, "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடுகிறார்கள். மாணவர்கள் உடனே என்ன மாத்திரை, என்ன நோய் என்று கேஸ் ஹிஸ்டரி எடுக்கத் தொடங்குவார்கள். பழக்கதோஷம்! பாடத்திட்டம் எழுதும்போதே அனுபவம் உள்ளவர்களை அழையுங்கள். ஒருவரை மட்டும் அழைத்தால் அவர் சொல்வதே எல்லோருடைய அனுபவமாகிவிடும், குறைந்தது இருவர் வேண்டும். மாணவர்கள் வேலை பார்க்கும் வார்டில் இப்போது சிகிச்சையில் இருப்பவர் வேண்டவே வேண்டாம். மறுநாள் அதே மாணவர்தான் அவருக்கு ஊசி போட வருவார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை ஒரு வாரம் முன்பே பேச வருபவரே முடிவு செய்யட்டும். பேச்சை நிறுத்த ஒரு சைகையும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து பேச கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். மற்ற பயிற்றுநர்களுக்குத் தரும் அதே ஊதியத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். பொன்னாடை ஊதியமாகாது. நேர்காணல் பயிற்சிக்கு மதிப்பெண் போடுவதிலும் அவருக்குப் பங்கு கொடுத்தால்தான் மாணவர்கள் அவரைப் பயிற்றுநராகப் பார்ப்பார்கள்.

தொகுப்பிலேயே கடினமான பாடம், சிகிச்சை பெறுபவர் தனக்காகத் தானே முடிவெடுக்கும் உரிமை பற்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவுதான் அதற்கு அடிப்படை. பல நாட்டுச் சட்டங்கள் கட்டாயச் சிகிச்சையை இன்னும் அனுமதிப்பதால், "தற்கொலைக்கு முயல்பவரை என்ன செய்வது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் சொல்லும் பொறுப்பை அனுபவம் உள்ளவர் தலையில் கட்டாதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். இந்தப் பாடத்தை ஒரே அமர்வில் முடிக்கப் பார்ப்பது வீண் வேலை.

மொழிநடை கொஞ்சம் வறட்சி. லாப நோக்கமில்லாமல், தொகுப்பு வெளியான அதே உரிமத்தின் கீழ் மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தை மட்டும் போடக்கூடாது. நிகழ்வுகளை உங்கள் வார்டுக்கு ஏற்ப மாற்றும் வேலையையும் அனுபவம் உள்ளவர்களிடமே கொடுங்கள்.